பூச்சிமருந்து உடம்பில் எவ்வளவு ஏறுகிறது? ரசாயன விவசாயி, இயற்கை விவசாயி இருவரையும் அளப்பதற்கான முழு வழிகாட்டி

முதுகில் தெளிப்பானோடு ஒரு விவசாயி வயலுக்குள் நடக்கிறார். பாதி வழியில் நாசில் அடைத்துக்கொள்கிறது. கையுறையைக் கழற்றுகிறார், நாசிலைத் திருகி எடுக்கிறார், நகத்தால் சுரண்டுகிறார், வாயில் வைத்து ஊதுகிறார், மறுபடி மாட்டிவிட்டு ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நடக்கிறார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு அவர் உடம்பில் ஏறிய மருந்தில் பெரும்பங்கு அந்த அரை நிமிடத்தில் வந்ததாக இருக்கலாம். “மாதம் எத்தனை முறை மருந்து அடிப்பீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால் இது எங்கேயும் பதிவாகாது.

இயற்கை விவசாயி விஷயத்தில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. அவர் ரசாயனத்தைத் தொடுவதில்லை என்பதால் அவருடைய அளவு பூஜ்யம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறோம். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் சாரல், சாப்பாட்டில் வரும் எச்சம், வீட்டில் கொளுத்தும் கொசுவர்த்தி, பிறர் வயலில் கூலிக்குப் போகும் நாட்கள் எல்லாம் அவருக்கும் உண்டு. அவர் தெளிக்கும் இயற்கைப் பூச்சிமருந்தும் பூச்சிமருந்துதான். இரண்டு பேரையும் ஒரே கவனத்தோடு, ஒரே நாட்களில், ஒரே கருவியால் அளந்தால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு. அதை எப்படிச் செய்வது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உடம்பின் மேல் எவ்வளவு பட்டது? உள்ளே எவ்வளவு போனது? போனது உடம்பை என்ன செய்தது? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குத் தோலில் ஒட்டும் துணி, காற்று இழுக்கும் பம்ப், சிலிக்கான் கைவளையம். இரண்டாவதற்குச் சிறுநீர். மூன்றாவதற்கு ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றுக்குப் பதில் சொல்லக் கூடாது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டால், தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனையில் வாய்வழி போனதில் சுமார் 70 சதவீதம் சிதைபொருளாகச் சிறுநீரில் வந்தது. தோலில் பூசியதில் உள்ளே போனது 3 சதவீதத்துக்கும் குறைவு. சட்டை நனைந்த அளவை மட்டும் வைத்து “இவ்வளவு விஷம் ஏறிவிட்டது” என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

பணம் குறைவு, ஏதாவது இரண்டுதான் செய்ய முடியும் என்றால் நான் சொல்வது: வேலையைக் கூடவே இருந்து பாருங்கள், சிறுநீரைப் பல முறை எடுங்கள்.

யாரை எந்தக் குழுவில் வைப்பது

“நீங்கள் இயற்கை விவசாயியா?” என்று கேட்டு ஆமாம் என்றால் டிக் அடிப்பது போதாது. சான்றிதழ் இருக்கிறதா, மாறி எத்தனை வருடம் ஆகிறது என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பருவப் பயிருக்கு 2 ஆண்டு மாற்றுக்காலம். அமெரிக்க விதிப்படி தடைசெய்த பொருள் எதையும் நிலத்தில் இட்டு 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு கேள்வி, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு துண்டு நிலத்தில் இயற்கை முறை, இன்னொரு துண்டில் ரசாயனம் என்று வைத்திருக்கிறாரா? அப்படிப்பட்டவரை எந்தப் பக்கமும் தள்ளாமல் மூன்றாவது குழுவாக வையுங்கள்.

ஒரே பயிர், ஒரே பருவம், ஒரே வட்டாரம், ஏறத்தாழ ஒரே வயது என்று பார்த்து இணை சேர்க்க வேண்டும். காய்கறி போடும் ரசாயன விவசாயியையும் தானியம் போடும் இயற்கை விவசாயியையும் ஒப்பிட்டால் தெரிவது பயிர் வித்தியாசம் மட்டுமே. அதே ஊரில் விவசாயமே செய்யாத சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வழியாகவும் வீட்டு வழியாகவும் எல்லோருக்கும் வரும் அடிப்படை அளவு என்ன என்பதை அவர்கள்தான் காட்டுவார்கள். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 23 பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில நாட்கள் இயற்கை உணவு மட்டும் கொடுத்தபோது, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் சிதைபொருட்கள் சிறுநீரில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கின. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி தென்பட்டன. வயல் பக்கமே போகாத பிள்ளைகள் அவர்கள்.

மருந்து அடிப்பவரை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். அடித்த வயலில் மறுநாள் களை எடுக்கும், காய் பறிக்கும் பெண்களுக்கும், நனைந்த துணியைத் துவைப்பவருக்கும் கணிசமாக ஏறும். அவர்கள் கணக்கில் வராத ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பாட்டிலைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள்

ஆய்வுக்கூடம் எதைத் தேடுகிறதோ அதுதான் கிடைக்கும். ஆகவே எதைத் தேடச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலையின் பாதி வெற்றி இருக்கிறது. வீட்டுக்கொட்டகையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படம் எடுத்து, வணிகப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் எழுதுங்கள்.

குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை உடம்பில் சிதைந்து, பெரும்பாலும் டைஅல்கைல் பாஸ்பேட் என்ற ஆறு பொருட்களாகச் சிறுநீரில் வரும். இவற்றை அளந்தால் அந்த வகை மருந்து வந்திருப்பது தெரியும், எந்த மருந்து என்று தெரியாது. குளோர்பைரிபாஸ்தானா என்று உறுதி செய்ய வேண்டுமானால் ட்ரைகுளோரோபிரிடினால் என்ற அதன் சிதைபொருளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு சிக்கல்: இந்தச் சிதைபொருட்கள் காய்கறியின் மேலேயே, வெயிலிலும் ஈரத்திலும் உண்டாகிக் கிடக்கும். அதைச் சாப்பிட்டால் மருந்து உள்ளே போகாமலேயே சிறுநீரில் தெரியும். இயற்கை விவசாயியிடம் சிறிய அளவு கிடைத்தால் முதலில் இதை நினையுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் ஆகிய செயற்கைப் பைரித்ராய்டுகளுக்குப் பொதுவான அடையாளமாக எல்லோரும் அளப்பது 3-பீனாக்ஸிபென்சாயிக் அமிலம். ஆனால் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்ட, சாமந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் இந்த அமிலத்தைத் தராது. அது கிரிசாந்திமம் டைகார்பாக்சிலிக் அமிலம் என்ற வேறொன்றைத் தரும். ஆகவே வழக்கமான சோதனையை மட்டும் செய்தால், காலையிலிருந்து பைரித்ரின் தெளித்து ஊறிப்போன இயற்கை விவசாயிக்கும் “ஒன்றுமில்லை” என்றே முடிவு வரும். ஸ்பினோசாட், வேம்பின் அசாடிராக்டின் ஆகிய இயற்கை மருந்துகளும் வழக்கமான பட்டியலில் இருக்காது. இயற்கை விவசாயிக்குக் குறைவாகத்தான் இருக்கிறது என்ற முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் பயன்படுத்துவதைத் தேடிப் பார்த்த பிறகு சொன்னால்தான் அது முடிவு. கூடுதலாக ஒன்று: அல்லெத்ரின் கலந்த கொசுவர்த்தியும் அதே கிரிசாந்திமம் அமிலத்தைத் தரும். முந்தைய இரண்டு இரவுகளில் வீட்டில் கொசுவர்த்தி வைத்தார்களா என்று கேட்காமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது.

டிடிடி என்ற பழைய மருந்தின் எச்சமான டிடிஇ கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கும். ரத்தத்தில் அது இருந்தால் இந்தப் பருவத்து வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. முன்பு பட்டதன் கதையைத்தான் சொல்லும்.

வேலையைக் கூட இருந்து பாருங்கள்

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கிய வேளாண் நல ஆய்வு, ஒருவருக்கு எவ்வளவு கடுமையாகப் பட்டிருக்கும் என்று கணக்கிட ஒரு எளிய வழியை வைத்தது: கலப்பது, தெளிப்பது, கருவியைப் பழுது பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, அதைப் பாதுகாப்பு உடைக்கான எண்ணால் பெருக்குவது. பழுது பார்ப்பதற்குத் தனி மதிப்பெண் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சொன்ன நாசில் கதை அங்கேதான் வருகிறது.

கலக்கும் இடத்தில் நின்று பாருங்கள். 20 சதவீத மருந்து என்றால் ஒரு லிட்டரில் 200 கிராம். தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், தெளிக்கும் கரைசலில் லிட்டருக்கு 0.4 கிராம்தான் இருக்கும். பாட்டிலிலிருந்து ஊற்றும்போது மணிக்கட்டில் 1 மில்லி வழிந்தால் அதில் 0.2 கிராம் இருக்கிறது. அதாவது கலந்த மருந்தில் அரை லிட்டரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். மூடியில் அளந்து ஊற்றுகிறாரா, குச்சியால் கலக்குகிறாரா, கையை விடுகிறாரா, வழிந்ததை எதால் துடைத்தார் என்று நேரத்தோடு எழுதுங்கள்.

தெளிக்கும்போது பார்க்க வேண்டியவை: காற்று எந்தப் பக்கம், பயிர் இடுப்புக்கு மேலா கீழா, முன்னால் அடித்துக்கொண்டே அந்த ஈரத்துக்குள் நடக்கிறாரா, டேங்க் முதுகில் ஒழுகுகிறதா, எத்தனை டேங்க், எத்தனை நிமிடம். இதே படிவத்தை இயற்கை விவசாயிக்கும் நிரப்புங்கள். பல இடங்களில் இயற்கை மருந்து “தீங்கில்லாதது” என்ற நம்பிக்கையில் கையுறையே போடாமல் அடிப்பார்கள். தோலில் படும் அளவு அங்கே கூடத்தான் செய்யும். பட்ட பொருளின் வீரியம் குறைவு என்பது அடுத்த பேச்சு.

தோல், காற்று, கைவளையம்

ஒட்டுத்துணி முறை 1962-இல் டர்ஹாம், உல்ஃப் இருவரும் எழுதி வைத்தது, இன்றும் பயன்படுகிறது. 10-க்கு 10 செ.மீ. அளவில் உறிஞ்சும் துணியை மார்பு, முதுகு, முன்கை, தொடை, கணுக்கால் என்று ஒட்டி, வேலை முடிந்ததும் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது. முன்கைத் துணியில் 5 மைக்ரோகிராம் கிடைத்தால் சதுர செ.மீ.க்கு 0.05. இரண்டு முன்கைகளின் பரப்பு சுமார் 1,210 சதுர செ.மீ. என்று கொண்டால் 60.5 மைக்ரோகிராம். எளிய கணக்குதான், ஆனால் மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பட்டது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. ஒரு பெரிய துளி துணிக்கு இரண்டு விரல் தள்ளி விழுந்தால் தப்பிவிடும். அதனால் முழுப் பருத்தி உள்ளுடை போட்டு அதையே துண்டு துண்டாக வெட்டி ஆய்வது மேல், செலவு அதிகம்.

எந்த இடத்தில் பட்டது என்பதற்குப் பெரிய பொருள் உண்டு. பராத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்துச் செய்த பழைய சோதனையில் முன்கைத் தோல் 9 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளே விட்டது. நெற்றி 36 சதவீதம், அக்குள் 64 சதவீதம், விதைப்பை கிட்டத்தட்ட முழுவதையும். கால்சட்டையில் கை துடைப்பதும், கழுவாத கையோடு சிறுநீர் கழிக்கப் போவதும் படிவத்தில் தனி வரியாக இருக்க வேண்டியது இதனால்தான்.

காற்றை அளக்க, சட்டைக் காலரில் மூக்குக்கு 30 செ.மீ.க்குள் குழாயை மாட்டி இடுப்பில் சிறு பம்ப் கட்டுவார்கள். திறந்த வயலில் மூச்சு வழி போவது தோல் வழி போவதைவிடப் பெரும்பாலும் குறைவுதான். பசுமைக்குடிலுக்குள் அடிப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சிலிக்கான் கைவளையம் இந்தத் துறைக்குப் புதுவரவு. ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். நன்கு சுத்தம் செய்த வளையத்தை ஒரு வாரம் போல மணிக்கட்டில் அணிந்தால், காற்றிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் நூற்றுக்கணக்கான பொருட்களை உறிஞ்சி வைக்கும். சாப்பாட்டில் வருவதை அது பிடிக்காது, இது நமக்கு ஒரு வரம். இயற்கை விவசாயியின் சிறுநீரில் ஒரு மருந்து இருந்து வளையத்தில் இல்லையென்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் இருந்தால் பக்கத்து வயலையோ வீட்டையோ பார்க்க வேண்டும். உடம்புக்குள் எவ்வளவு போனது என்று மட்டும் வளையத்திடம் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளுடையும் ஒட்டுத்துணியும் மருந்தைத் தடுத்துவிடும், கை கழுவி அளப்பது மருந்தை நீக்கிவிடும். அதே நாள் அதே ஆளிடம் சிறுநீரும் எடுத்தால் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் வையுங்கள்.

சிறுநீர்: நேரம்தான் எல்லாம்

இந்த மருந்துகள் உடம்பில் நெடுநாள் தங்குவதில்லை. குளோர்பைரிபாஸின் சிதைபொருள் பாதியாகக் குறைய சுமார் 27 மணி நேரம். பைரித்ராய்டுகள் அதைவிட வேகமாக வெளியேறும். தோல் வழி போனது மட்டும் சற்றுத் தாமதமாக வரும். தெளித்து ஐந்து நாள் கழித்து ஒரே ஒரு பாட்டில் எடுத்தால் ரசாயன விவசாயியும் இயற்கை விவசாயியும் ஒன்றாகத் தெரிவார்கள்! ஆகவே தெளிப்பதற்கு முன் காலையில் ஒன்று, அன்று மாலை ஒன்று, மறுநாள் காலை முதல் சிறுநீர் ஒன்று. முடிந்தால் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதும். ஒரு பருவத்தில் மூன்று நான்கு சுற்றாவது திரும்பத் திரும்ப. அதே நாட்களில் இயற்கை விவசாயியிடமும் எடுங்கள், அவர் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும்.

பாட்டிலைக் கொடுக்கும்போது முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். விரலில் இருக்கும் மருந்து மூடி வழியாக உள்ளே போனால் எல்லாம் வீண். உடனே ஐஸ் பெட்டி, அன்றே மைனஸ் 20 டிகிரி.

வெயிலில் வேலை செய்பவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும், அதனால் தசையிலிருந்து வந்து சிறுநீரில் கழியும் கிரியேட்டினின் என்ற பொருளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஒருவருக்கு லிட்டருக்குச் சிதைபொருள் 4 மைக்ரோகிராம், கிரியேட்டினின் 2 கிராம்; இன்னொருவருக்கு 2 மைக்ரோகிராம், கிரியேட்டினின் 0.5 கிராம். மேலோட்டமாகப் பார்த்தால் முதலாமவர் இரண்டு மடங்கு. சரிசெய்தால் முதலாமவருக்குக் கிராமுக்கு 2, இரண்டாமவருக்கு 4. கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழே அல்லது 3 கிராமுக்கு மேலே போன மாதிரிகளை ஏற்பதில்லை என்பது வழக்கம். கிரியேட்டினின் தசையைப் பொறுத்தது என்பதால் ஆண்-பெண், இளையவர்-முதியவர் ஒப்பீட்டில் சிறுநீரின் அடர்த்தி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

ரத்தம்: அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரண்டு வகைப் பூச்சிமருந்துகளும் கோலினெஸ்டிரேஸ் நொதியை முடக்கும். பைரித்ராய்டு, நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகள் முடக்காது. அவற்றை அடிப்பவரிடம் இந்தச் சோதனை செய்து “நலமாக இருக்கிறார்” என்று எழுதுவது தவறு.

நொதியின் இயல்பு அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பருவம் தொடங்குமுன், குறைந்தது 30 நாட்கள் மருந்து தொடாத நிலையில், அடிப்படை அளவு எடுக்க வேண்டும். ஒருவருக்கு அடிப்படை 30, இப்போது 24. இன்னொருவருக்கு அடிப்படை 25, இப்போது 24. எண் ஒன்றுதான். முதலாமவருக்கு 20 சதவீதம் இறங்கியிருக்கிறது, இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கலிபோர்னியா மாநில விதிகளில் 20 சதவீதம் இறங்கினாலே வேலை முறையைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுவிலுள்ள நொதி 30 சதவீதமோ, பிளாஸ்மா எனும் ரத்தத்தின் திரவப் பகுதியிலுள்ள நொதி 40 சதவீதமோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் திரும்ப விட வேண்டும். கையில் விதி எதுவும் இல்லாத இடத்தில் இந்த எண்களை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

விரலில் குத்தி ஒரு துளியில் பார்க்கும் கையடக்கக் கருவிகள் உண்டு. விரலைச் சோப்பால் நன்றாகக் கழுவிக் காயவிட்டுக் குத்துங்கள். தோலில் ஒட்டிய மருந்தே துளியிலுள்ள நொதியை முடக்கிவிடும். குழாயில் எடுத்தால் புளோரைடு சேர்த்த குழாய் கூடவே கூடாது, புளோரைடும் நொதியை முடக்கும். கார்பமேட்டாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நொதி மீண்டுவிடும், தாமதித்தால் எதுவும் தெரியாது. பிளாஸ்மா நொதி கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும் தானாகவே குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்மணி சுருங்கி, வாயில் நீர் ஊறி, வியர்த்து, மூச்சுத் திணறுகிறவரிடம் எதையும் அளந்துகொண்டு நிற்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்பால் கழுவி, உடனே மருத்துவமனை.

வெற்று மாதிரி

வழியிலோ ஆய்வுக்கூடத்திலோ மருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, வயலுக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, எதுவும் படாமல் திரும்பக் கொண்டுவந்த துணி, வளையம், பாட்டில் ஆகியவற்றையும் பத்துக்கு ஒன்று வீதம் அனுப்புங்கள். யார் எந்தக் குழு என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியக் கூடாது, குறியெண் மட்டும் போதும்.

எண்களைப் படிப்பது

இந்த அளவுகள் மணி வடிவத்தில் வராது. பெரும்பாலோருக்குச் சிறிய எண்ணும், இரண்டு மூன்று பேருக்கு மிகப் பெரிய எண்ணும் வரும். சாதாரணச் சராசரி போட்டால் அந்த மூன்று பேரின் சராசரியாகிவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணோ பெருக்குச் சராசரியோ (geometric mean) போடுங்கள். கண்டறிய முடியாத மாதிரிகளைப் பூஜ்யமாக எழுதாதீர்கள். அவை கொஞ்சமாக இருந்தால் கண்டறியும் எல்லையை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்து எழுதும் வழக்கம் உண்டு. பாதிக்கு மேல் அப்படி இருந்தால் சராசரியே வேண்டாம், எத்தனை சதவீதம் பேரிடம் கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். இயற்கைக் குழுவில் அடிக்கடி இதுதான் நிலை.

24 மணி நேரச் சிறுநீர் இருந்தால் உள்ளே போன அளவையும் தோராயமாகக் கணக்கிடலாம். ட்ரைகுளோரோபிரிடினால் 100 மைக்ரோகிராம் வந்தால், மூலக்கூறு எடை விகிதம் 1.77-ஆல் பெருக்கி 0.7-ஆல் வகுக்க, சுமார் 253 மைக்ரோகிராம் குளோர்பைரிபாஸ். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 4.2.

குழுவுக்குக் குழு வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ரசாயனக் குழுவுக்குள்ளேயே ஒருவருக்கு ஏன் இருபது மடங்கு என்று நீங்கள் வயலில் எழுதிய குறிப்போடு வைத்துப் பாருங்கள். இயற்கைக் குழுவில் எண் கூடியவர்களின் வயல் தெளித்த வயலிலிருந்து எத்தனை மீட்டர், அன்று காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான்.

அவரவர் எண்ணை அவரவரிடம் சொல்லுங்கள்

மாதிரி கொடுத்த ஒவ்வொருவருக்கும் முடிவு போய்ச் சேர வேண்டும், இதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதிக்கொடுங்கள். நொதி எல்லைக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு அவர் எண், குழுவின் இடைநிலை எண், இரண்டையும் ஒரே தாளில். சிறுநீரில் ஒரு பொருள் தென்பட்டது என்பதாலேயே நோய் என்று பொருளில்லை என்பதை வாயாலும் விளக்குங்கள். இயற்கை விவசாயியிடம் ஏதாவது கிடைத்திருந்தால் அவரை ஏமாற்றுக்காரராகப் பார்க்கும் பேச்சு ஊரில் எழலாம். பெயரோடு எண் வெளியே போகக் கூடாது.

எண் கூடியவரோடு உட்கார்ந்து, எந்த வேலையில் பட்டிருக்கும் என்று குறிப்பைப் பார்த்து ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்று நாசில் இரண்டும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷும் டேங்க் வாரில் கட்டி வைப்பது, அளவுக்குவளையில் ஊற்றுவது, ஒழுகும் மூடியின் வாஷரை மாற்றுவது போல. சிறுநீரில் அதன் பலன் அடுத்த தெளிப்பிலேயே தெரிந்துவிடும். சிவப்பணு நொதி நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் ஏறும்; அந்த ரத்தத்தை மறுபடி எடுக்க இரண்டு மூன்று மாதம் கழித்துப் போங்கள்.